மூக்கு திறந்த பிறகு

டாக்டர் என் மூக்குக்குள் கேமரா வைத்த மெல்லிய குழாயை விட்டு, திரையைப் பார்க்கச் சொன்னார். தோல் உரித்த திராட்சை போல வெளிறிய சதைக் கொத்துகள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருந்தன. பல வருஷமாக வாசனையே தெரியாமல் நான் வளர்த்த செல்வம் இதுதான். பார்த்தால் சாதுவான சதைதான், ஆனால் இனி ஸ்ப்ரேக்கெல்லாம் மசியாது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். தையல் மெஷின் மிதிக்கிறவனுக்கு மூக்கு எதற்கு என்று இழுத்தேன். மகள் விடவில்லை. கேஸ் கசிந்தது தெரியாமல் நான் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் போட்டுக்கொடுத்தாள்.

கத்திக்கு நான் பயப்படவில்லை. என் மனைவி சர்க்கரை நோயில் கால் அழுகிக் கிடந்தபோது, சொந்தபந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. மகள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சாப்பாடு வைப்பாள். நான் மட்டும் கட்டைப் பிரித்து, துடைத்து, பக்கத்திலேயே படுத்தேன். எல்லோரும் என்னை ஆகா ஓகோ என்றார்கள். அவள் மட்டும் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மூக்கு நல்லா இருந்திருந்தா நீங்களும் ஓடியிருப்பீங்க."

அந்த வாரமே அவள் போய்விட்டாள். ஓடியிருப்பேனா என்று எனக்கே தெரியாது. மூக்கு திறந்தால் தெரிந்துவிடுமோ என்றுதான் பயம்.

மயக்கம் கொடுத்து, மூக்கு வழியாகவே சதையை எடுத்தார்கள். கெடுதல் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவி, ஒரு காலையில் சோப்பு மணத்தது. அழுதுவிட்டேன். பிறகு மெஷின் எண்ணெய், புதுத் துணியின் கஞ்சி, மகளின் தலைமுடி என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஒரு மதியம் நூல்கண்டு எடுக்க, மனைவி படுத்திருந்த அறைக்குப் போனேன். மெத்தையை எரித்து, பெயிண்ட் அடித்து, ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கும் அறை. காலை உள்ளே வைத்ததும் ஏதோ நாற்றம் முகத்தில் மோதியது. நான் ஒருமுறைகூட முகர்ந்திராத நாற்றம். ஆனாலும் யாருடையது என்று தெரிந்தது. மகளைக் கூப்பிட்டேன்.

"ஏதாவது நாத்தம் வருதாம்மா?"

மகள் நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். "பெயிண்ட் வாசம்கூட போயிடுச்சேப்பா. ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும்னு டாக்டர் சொன்னாரே."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். நான் வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நாற்றம் மறுமுனையிலிருந்து மெல்ல நகர்ந்து வந்து, என் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது போலிருந்தது. என் வலது கை, நான் சொல்லாமலே மடியிலிருந்து கிளம்பி, மூக்குக்குப் பாதி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.