பதினேழாம் பிரிவும் பசியாவரத்துப் பாடும்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பதினேழாம் பிரிவு வரைக்கும் யார் படிக்கிறார்கள்? நாங்கள் படிக்கவில்லை. டமாரம் விளம்பர நிறுவனத்தின் கிளையைப் பழவேற்காட்டில் எடுத்து நடத்தியவள் ஹேமாவதி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஃபிளெக்ஸ் டிசைன் செய்தவள் நான், கிறிஸ்டினா.

நிறுவனம் எங்கள் தலையில் கட்டிய ஃபிளெக்ஸ் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் வெளுத்துப்போகும். மாப்பிள்ளை முகம் பேயறைந்தது போலானால் திட்டு வாங்குவது நாங்கள். ஒருநாள் ஹேமாவதி கோபத்தில், கிளையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்போதுதான் பதினேழாம் பிரிவு பல்லைக் காட்டியது. விலகியவர் இரண்டு வருடத்துக்கு, முப்பது கிலோமீட்டருக்குள், நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரத் தொழில் செய்யக் கூடாது. செய்தால் வழக்கு. எங்கள் இருவருக்கும் வேறு தொழில் தெரியாது. ஷட்டரை இழுத்து மூடிய அன்று நான் அழுதேன். அவள் அழவில்லை, பல்லைக் கடித்தாள்.

புதுக் கிளைக்கு ஆள் பிடிக்க நிறுவனம் உதயகுமாரை அனுப்பியது. இஸ்திரி கலையாத சட்டை, வாய் நிறைய ஆங்கிலம். ஏரித் தீவான பசியாவரத்தில் படகோட்டி குப்பனிடம் பேச்சுக் கொடுத்தார். குப்பன் மகன் டிப்ளமோ படித்தவன்.

"அது ஹேமா பாடு சார். எம்புள்ள அதுல கைய வெக்க மாட்டான்."

பாடு என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பது இங்கே பாடு வைத்துத்தான் நடக்கும். அடுத்தவன் பாட்டில் மீன் துள்ளிக் குதித்தாலும் ஒருத்தரும் வலையை எடுக்க மாட்டார்கள்.

"அவங்கதான் விட்டுட்டாங்களேப்பா!"

"வுட்டாங்களா, நீங்க தொரத்துனீங்களா?"

உதயகுமார் மெட்ராஸிலிருந்து 'கிளை நடத்த ஆள் தேவை' என்று போஸ்டர் கட்டு கொண்டுவந்தார். ஒட்டச் சுவர் கிடைக்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களும், "ஹேமாவ ஒரு வார்த்த கேட்டுக்கினு வாங்க" என்றார்கள். மைக் கட்டிய ஆட்டோக்காரனும் அதையே சொன்னான். ஒரு வாரம் வெயிலில் அலைந்து சட்டை கசங்கியபின், மனுஷன் எங்கள் வாசலுக்கே வந்து சேர்ந்தார்.

"ஒரு உதவி மேடம். நீங்களே போஸ்டர் ஒட்டி, மைக்லயும் சொல்லிடுங்களேன்."

ஹேமாவதி காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! நேரடியாவும் கூடாது, மறைமுகமாவும் கூடாது. நாளைக்கு என்ன ஜெயில்ல போடவா சார்?"

"நாங்களே சொன்னா தப்பில்ல மேடம்."

"வாய்ப்பேச்சு இன்னாத்துக்கு ஆவும்? எழுதிக் குடுங்க. உங்க லெட்டர்ல, சீல் போட்டு."

தலைமை அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன் மேல் போன். அவர் எழுத, அவள் சொல்லச் சொல்ல, நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்: 'பழவேற்காடு சுற்றுவட்டாரத்தில் விளம்பரப் பணிகள் செய்ய ஹேமாவதிக்கு அனுமதி அளிக்கிறோம். பதினேழாம் பிரிவு இதற்குத் தடையாகாது.' கையெழுத்து, முத்திரை. எத்தனை நாளைக்கு என்று அவர் எழுதவில்லை. அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

வேலையை ஒழுங்காகவே செய்தோம். காட்டூர் வரைக்கும் மைக்கில் தொண்டை கிழியக் கத்தினோம். ஒரு விண்ணப்பமும் வரவில்லை. மறுநாளே ஷட்டரைத் தூக்கி, உப்புக்காற்று தாங்கும் துணியை வேறு இடத்தில் வாங்கிப் போட்டோம்.

பத்தாம் நாள் வக்கீல் நோட்டீஸ். ஹேமாவதி அந்த அனுமதிக் கடிதத்தை நகலெடுத்து, பதிலாகத் தபாலில் போட்டாள். உதயகுமார் போனில் கதறினார்.

"அது அந்த ஒரு வேலைக்கு மட்டும்தானே மேடம்!"

"அப்டின்னு எந்த வரில சார் இருக்குது?"

போஸ்டர் கேட்டு வந்திருந்த குப்பன் போனைப் பிடுங்கினார். "பாட்டுக்குச் சொந்தக்காரனே கூப்ட்டு வலைய எறக்கச் சொல்லிட்டு, அப்பால கரையேறுன்னா ஊர் ஒத்துக்குமா சார்?"

அதன்பின் நோட்டீஸ் வரவில்லை. ஊர் என்ன, அவர்கள் வக்கீலே ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

புதுத் துணியில் முதலில் என்ன அடிப்பது என்று கேட்டேன். ஹேமாவதி அந்தக் கடிதத்தை நீட்டினாள்.

"பத்தடிக்கு அடி. சீல் நல்லா தெரியணும்."