ஓடையா, மூங்கிலா

மலைக்காட்டில் எத்தனை வகை எலிகளும் வௌவால்களும் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது அக்காவின் வேலை. வகுப்பு விடுமுறையில் துணைக்கு வந்திருக்கிறேன். உயிரோடு பிடித்து, எடை பார்த்து, காதோர முடியைக் கத்தரித்து அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

நேற்று விடியற்காலையில் அக்கா வௌவால் வலைகளைப் பார்க்கப் போனாள். சிக்கியதைச் சீக்கிரம் எடுக்காவிட்டால் இறக்கை கிழிந்துவிடும். எலிப்பொறிகள் எனக்கும் ஜீப் ஓட்டுநருக்கும். ஓடையோரப் பொறியில் ஒன்று, மேட்டு மூங்கிலடிப் பொறியில் ஒன்று விழுந்திருந்தன. தனித்தனித் துணிப்பையில் போட்டு, இடத்தை எழுதிய சீட்டைக் கட்டினேன். திரும்பும் வழியில் நல்ல மழை.

முகாமில் அக்கா பார்த்தபோது சீட்டுகளில் நீலக் கறைதான் இருந்தது. பென்சிலால் எழுதச் சொல்லியிருந்தாள். நான் படிக்கும் கணக்கியல் மாலை வகுப்பில் ஆசிரியருக்குப் பென்சிலைக் கண்டாலே ஆகாது. பழக்கதோஷம், மைப்பேனாவை எடுத்துவிட்டேன்.

ஒன்று ஆண். மற்றதன் வயிற்றில் காம்புகள் புடைத்திருந்தன; லேசாக அழுத்தியதும் பால் கசிந்தது. எங்கோ ஒரு வளையில் அதன் குட்டிகள் கிடக்கின்றன. தாயை இடம் மாற்றி விட்டால் அவை பிழைக்காது.

"அதுங்ககிட்டயே விலாசம் கேட்டுப் பாருங்க ஆடிட்டரே," என்றார் ஓட்டுநர்.

அக்கா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை, அதுதான் சுட்டது. எது எந்தப் பை என்று நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இரண்டும் ஒரே மாதிரிப் பை, ஒரே நிற எலி. எவ்வளவு யோசித்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு வழி தோன்றியது. தப்பாக இருக்குமோ என்று மென்று விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.

"ஆணை முதல்ல ஓடைகிட்ட விட்டுப் பாக்கலாமாக்கா? அதோட இடம்னா நேரா வளைக்கு ஓடிடும். இல்லேன்னா முழிக்கும்."

"முழிச்சா?"

"அப்ப ஓடைதான் தாயோட இடம். ஆணுக்கு வழி தப்பினாலும் பட்டினி கிடக்கக் குட்டி இல்லையே."

"ஆம்பளைன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான்," என்றார் ஓட்டுநர்.

ஓடையோரத்தில் பையைத் திறந்தேன். ஆண் எலி வெளியே வந்து திருதிருவென்று விழித்தது. ஒரு கல்லை முகர்ந்தது, என் பூட்ஸ்மேல் ஏறி இறங்கியது, கடைசியில் அரை மனதாகச் சருகுக்குள் நுழைந்தது. பயத்திலும் அப்படி நின்றிருக்கலாமே என்று எனக்குச் சந்தேகம். அதைச் சொல்வதற்குள் அக்கா மற்றப் பையை அவிழ்த்துவிட்டாள்.

தாய் எலி தயங்கவே இல்லை. பாறையைச் சுற்றி ஓடி, அதுவரை எங்கள் கண்ணில் படாத ஒரு பொந்துக்குள், வேருக்கடியில், மறைந்தது.

இன்று காலை மூங்கிலடிப் பொறியில், காதோரம் கத்தரித்த ஆண் எலி. இரையை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தது.

"மேடேறி வந்துட்டான் பாருங்க," என்றார் ஓட்டுநர்.

பென்சிலால் சீட்டு எழுதினேன். அக்கா வாங்கிப் பார்த்தாள்.

"கொஞ்சம் அழுத்தி எழுதுடா."