எடை நிற்காத கறி

செம்பூர் ஆட்டிறைச்சி ஆலையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தராசைச் சுற்றி இருந்தவர்கள்: தரம் பார்க்கும் மாரிசெல்வி, மேலாளர் சங்கரன், ஆடறுக்கும் ஜெயினுலாப்தீன், தராசைப் பழுதுபார்க்கத் தாதரிலிருந்து வந்த மாரிக்கண்ணன், நாற்பத்தோரு பொட்டலம் ஆட்டுக்கறி. இவர்களில் நடுங்கிக்கொண்டிருந்தது கறி மட்டும்தான்.

மூன்று வாரமாக அப்படித்தான். பொட்டலத்தைத் தராசில் வைத்தால் எண் நிற்காது. ஒரு கிலோவுக்கு மேலும் கீழுமாக ஓடும். மாரிக்கண்ணன் படிக்கல்லை வைத்துக் காட்டினான், எண் அசையவில்லை. தராசில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனான். எடை எழுதாத கறி வெளியே போகாது; முந்தைய லோடுகளைக் குழியில் கொட்டியிருந்தார்கள். இன்னும் ஒரு லோடு தேங்கினால் மாரிசெல்வியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். தாராவியில் அவளை நம்பி நான்கு பேர் சாப்பிட்டார்கள்.

"குளிர்ல நடுங்கறது. சராசரியைப் போட்டு சைன் பண்ணிடு," என்றார் சங்கரன்.

"குளிருததுக்கு அதுக்கு உசுரா இருக்கு, சார்? சைன் போட்டா நாளைக்கு என் பேரத்தான் இழுப்பாங்க."

சங்கரன் கறியைத் தொடாத குடும்பம், பொட்டலத்தையும் தொட்டதில்லை. மாரிசெல்வி உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு பட்டிக்குப் போய், வரிசையில் நின்ற ஓர் ஆட்டின் விலாவில் வைத்தாள். அதே நடுக்கம், அதே வேகம். ஆட்டின் உயரத்துக்குக் குனிந்தாள். அறுப்பறை முழுவதும் தெரிந்தது: ரத்தம், கத்தி, முன்னால் போன ஆடு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று மூன்று வாரத்துக்கு முன் நடுக்கதவைத் திறந்து கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

"ஒண்ணு பாக்க இன்னொண்ண அறுக்கக்கூடாதும்மா. கத்தியவே காட்டக்கூடாது," என்றார் ஜெயினுலாப்தீன்.

"இத ஏன் பாய் மொதல்லயே சொல்லல?"

"மேனேஜர்ட்ட சொன்னேனே. அவரு மணிக்கு எத்தன ஆடுன்னு கேட்டாரு."

ஜெயினுலாப்தீனின் கத்தியை வாங்கி மாரிசெல்வி கதவுக் கயிற்றை அறுத்தாள். தரப் படிவத்தில் மூன்று வரி சேர்த்தாள்: கதவு மூடியிருந்ததா, கத்தி மறைவில் இருந்ததா, ஆடு வழுக்காமல் நடந்ததா. ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும் லோடு கிளம்பாது. சங்கரன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை வந்த முதல் பொட்டலம் ஒரு கிலோ இருபது கிராமில் நின்றது. மாரிசெல்வி ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் மாறவில்லை. எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அந்த நாற்பத்தொன்று மட்டும் குளிரறையின் கடைசித் தட்டில் இன்னமும் நடுங்குகின்றன. அங்கே வேலை செய்பவர்கள் அந்தத் தட்டில் டீ கிளாஸை வைப்பதில்லை, சிந்திவிடும்.

இன்று காலையும் இலையை மென்றபடி ஒரு கறுப்பு ஆடு உள்ளே போயிற்று. மாரிசெல்வி அதன் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.