எடைமேடையில் நின்ற லோடு

சங்கத்தில் சேர்ந்தது முந்தின நாள் மாலை. சேர்ந்ததற்குக் கொள்கை கிள்கை எதுவும் காரணமில்லை, எரிச்சல்தான். போன அறுவடையில் தக்காளிச் சாறு ஆலை என் லோடை இரண்டு முறை புழு என்று சொல்லித் திருப்பிவிட்டது. ஒரு பழத்தைக்கூட என் கண்ணெதிரே வெட்டிக் காட்டவில்லை. வெட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கத்தான் முப்பது விவசாயிகள் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டேன். செயலாளரம்மா ஒரே ஒரு விதியை வாசித்தார்: வெட்டிக் காட்டாமல் ஒருவர் லோடைத் திருப்பினால், மற்ற யார் லோடும் உள்ளே போகக் கூடாது. நல்ல விதி என்று தலையாட்டினேன். திரும்புவது என் லோடாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், பைத்தியக்காரி.

வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவில்லை. ஆலையில் எடை போடுவது என் தம்பி. அவன் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று சொல்லிவிட்டு, அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் ஓட்டிய டிராக்டர் எடைமேடையில் ஏறியது. தொண்ணூறு கூடை. எல்லாம் நன்றாகப் பழுத்தவை. அன்றைக்கு உள்ளே போகாவிட்டால் மறுநாள் மாட்டுக்குத்தான் கொட்ட வேண்டும். நாலு மாதப் பாடு அது. பரிசோதகர் இரண்டு கூடையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு அவர் எனக்குப் பின்னால் நின்ற வண்டிக்குப் போனார். அது தொப்பிக்காரருடையது. வெயிலோ மழையோ, தலையில் தொப்பி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் எங்களுக்குள் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சங்கத்தில் அவர்தான் மூத்த உறுப்பினர். பரிசோதகர் தார்ப்பாயைக்கூட முழுதாக விலக்கவில்லை. புழு என்றார். வெட்டிக் காட்டச் சொல்லித் தொப்பிக்காரர் கேட்டார். வண்டியை எடு என்று பதில் வந்தது.

சங்க விதி நினைவுக்கு வந்தது. மேடையைத் தாண்டினால் ஆலை முற்றம், பத்தடிதான். தம்பி எடையறை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"அக்கா, நீ எதையும் பாக்கல. வண்டிய உள்ள விடு. கேட்டா, அவர் லோடத் திருப்பறதுக்கு முன்னாடியே எட போட்டாச்சுன்னு நான் சொல்லிக்கறேன்."

சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அதுதான் என்னைக் கொன்றது. ஒரு விரோதிக்காக நான் ஏன் என் தக்காளியை அழுக விட வேண்டும்? சத்தியமாக, அந்த நிமிடம் தொப்பிக்காரர் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது, பரிசோதகர் மேல் இல்லை. பின்னால் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்திருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.

பின்னால் தொப்பிக்காரர் வண்டி நகரவில்லை. அவரே இறங்கி என் பக்கம் வந்தார்.

"நீங்க உள்ள போங்கம்மா. நேத்துதான சேந்தீங்க. உங்கள யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

இரண்டு வருடம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க எரிந்து விழுந்தேன்.

"வண்டிய எடுங்க. மேடைய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

அவர் பின்வாங்கினார். நானும் மேடையிலிருந்து வண்டியை இறக்கிச் சாலையோரம் நிறுத்தினேன். வரிசையில் நின்ற சங்கத்து வண்டிகள் ஒவ்வொன்றாக ஓரம் கட்டின. வீட்டுக்காரர் சாக்கை நனைத்துக் கூடைகள் மேல் போட்டார்.

மதியம் வெயில் ஏறியது. தம்பி வெளியே வந்து, மேலாளர் சொன்னதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். தொப்பிக்காரர் லோடைத் தவிர மற்ற எல்லா லோடும் உள்ளே வரலாமாம். ஒருவரும் எழவில்லை. அவன் என்னிடம் வந்து பக்கத்தில் குந்தினான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, உன் லோடு கீழ கசியுது. பாத்தியா?"

டிராக்டருக்கு அடியில் தார்ச்சாலை சிவப்பாக நனைந்திருந்தது.

"பாத்தேன்டா" என்றேன். எழுந்திருக்கவில்லை.