கார் கண்ணாடியில் பகா எண்கள்

மிச்சிகனில் இருந்த அந்தச் சமுதாயக் கல்லூரி பகுதிநேர ஆசிரியர்களுக்கு அறை ஒதுக்குவதில்லை. கணித ஆசிரியன் கேலப், வாகன நிறுத்தத்தில் தன் பழைய காருக்குள்தான் மாணவர்களைச் சந்திப்பான். லோர்னா பனியில் நடந்து வந்து கதவைத் தட்டினாள். கையில் வாழைப்பழ ரொட்டி. கெட்ட செய்தியை வெறுங்கையோடு போய்ச் சொல்லும் வழக்கம் அவள் ஊரில் இல்லை.

"ஏறுங்க. ஹீட்டர் செத்துப்போச்சு, கோட்டைக் கழட்டாதீங்க."

லோர்னாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், நடுவில் படிக்கிறாள். வரலாறு, தத்துவம், ஓவியம் எல்லாம் தேறிவிட்டாள். கலைப் பிரிவுப் பட்டத்துக்குப் பாக்கி கணிதம் மட்டும்தான்.

"நான் கணக்கு வகுப்புலேர்ந்து விலகிக்கிறேன்பா. இன்னிக்குத்தான் கடைசி நாள். ஆபீஸ் மூடறதுக்குள்ள சொன்னா பெயில்னு போட மாட்டாங்க."

"பட்டம்?"

"அது அவ்வளவுதான்."

கேலப் ரொட்டியைப் பிட்டான். "அப்ப இது இரங்கல் சாப்பாடா? நல்லாத்தான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. கதவுப்பிடியில் கை வைத்தவள் திரும்பினாள். "வகுப்புல சொன்னியே, அதுதான் உறுத்துது. வேற எதாலயும் வகுபடாத பகா எண்ணுங்க தீரவே தீராதுன்னு. யாரு எண்ணிப் பாத்தா?"

"யாரும் எண்ணல."

"எண்ணாம எப்படி? பஸ்ல பிள்ளைங்கள எண்ணாம நான் வண்டிய எடுக்கவே மாட்டேன்."

கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. கேலப் விரலால் எழுதினான்: இரண்டு, மூன்று, ஐந்து. "மொத்தமே இவ்வளவுதான்னு வெச்சுக்குங்க. பெருக்கி ஒண்ணு கூட்டுங்க."

"முப்பத்தொண்ணு." வகுத்துப் பார்த்தாள். "இந்த மூணுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சுதே."

"அப்ப பட்டியல்ல இல்லாத ஒண்ணு வெளிய இருக்கு."

"ஏழு எங்கப்பா? அதையே விட்டுட்டே." ஏழையும் முப்பத்தொன்றையும் அவளே சேர்த்து எழுதினாள். பெருக்கினாள், ஒன்று கூட்டினாள். ஆறாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று. அவள் விரல் கண்ணாடியில் கணக்குப் போட்டுக்கொண்டே போனது.

"போச்சு போ. இதுவும் வகுபடாத எண்ணா இருக்கும்னு பாத்தா, பதினேழால வகுபடுது. உன் கதை பொய்."

கேலப் இன்னொரு துண்டு ரொட்டியைப் பிட்டான்.

லோர்னா பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டியலைப் பார்த்தாள். அதில் பதினேழு இல்லை. இருந்திருக்கவும் முடியாது, இருந்தால் ஒன்று மிஞ்சியிருக்குமே. பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் வெளியே ஒன்று நின்றுகொண்டே இருக்கும். எவரும் எண்ணி முடிக்காத, முடிக்கவும் போகாத ஒன்றைப் பற்றி, ஈரப் பூட்ஸோடு ஒரு குளிர்ந்த காரில் உட்கார்ந்து அவள் நிச்சயமாக அறிந்திருந்தாள். நம்பு என்று யாரும் சொல்லவில்லை. அவளே கண்டுவிட்டாள். இத்தனை காலமும் இது இப்படியே இருந்திருக்கிறது, அவள் பிறக்கும் முன்பும், பனிக்கு முன்பும்.

"லோர்னா," கேலப் மெதுவாகச் சொன்னான், "ஆபீஸ் மூடப்போறாங்க."

"இருப்பா, தொந்தரவு பண்ணாத," என்றாள் அவள். பதினேழைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, இடமில்லாமல் பக்கத்துக் கண்ணாடியில் ஊதி, மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.