புனலூருக்குப் போன ஒரு கிலோ பால்கோவா

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. முப்பது வருடம் கோயில் மணிக்கயிறு இழுத்த கையால் எழுதுகிறேன்.

என் மகன் ஸ்டெபினுக்குப் பெண் எடுத்தது புனலூரில். செங்கோட்டைக்கு அப்பால், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம். கிறிஸ்துமஸுக்கு அங்கே வெறுங்கையோடு போய்விட்டோம். ராஜபாளையத்துக்காரர் பால்கோவா இல்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறலாமா? அன்றிலிருந்து சம்பந்தியம்மா கிருபாபாய் எங்கள் போனை எடுப்பதில்லை. பிரசவத்துக்குப் போன மருமகள் இன்னும் அங்கேதான்; பேரனுக்கு அங்கே ஞானஸ்நானம் வருகிறது. எங்களுக்கு அழைப்பில்லை.

என் மனைவி ஏசம்மாள் உத்தரவு போட்டாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கே போயி ஒரு கிலோ சூடா வாங்கி, அப்பிடியே ரயில் ஏறுங்க. நம்மூரு பேக்கரியில வாங்குனா அவியளுக்கு வாசத்துலயே தெரிஞ்சிரும். அழைப்போட வந்தாத்தான் வீட்டுக்குள்ள சோறு. ஒங்களுக்குச் சுகர் இருக்கு, நெனப்பிருக்கட்டும்!"

காவலுக்குப் பக்கத்து வீட்டுத் தவசிமுத்துவையும் கூட அனுப்பினாள். என் வயதுக்காரன், எனக்கிருக்கிற அதே வியாதியும் உண்டு.

செங்கோட்டையில் ரயிலின் வாலிலும் ஓர் எஞ்சினை மாட்டினார்கள். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட பால்கோவா சுருங்கத் தொடங்கியது. மலையைக் குடைந்த குகைக்குள் நுழையும்போது டப்பா ஒரு கிலோ. வெளியே வரும்போது முக்கால். இருட்டில் பொருள் சுருங்கும், இது விஞ்ஞானம்.

"ஏலே, ஒம் மீசையில என்னலே வெள்ளையா?" என்றான் தவசிமுத்து.

"மலைப்பனி."

"ஏப்ரல் மாசத்துலயா?"

"கேரளாப் பனிக்கு மாசம் தெரியாதுலே."

அடுத்த குகையில் அரைக் கிலோ ஆயிற்று. அதற்குள் தவசிமுத்துவின் வாயும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் செய்திருப்பான்.

புனலூரில் இறங்கியதும் தொங்குபாலத்தைப் பார்க்கப் போனோம். வெள்ளைக்காரன் காலத்தில் ஆற்றின் மேல் சங்கிலியில் தொங்கவிட்டது. காட்டு மிருகங்கள் பயந்து ஊருக்குள் வராமலிருக்கத்தான் ஆடும்படி கட்டினார்களாம். நல்ல யோசனைதான். ஆனால் தும்பிக்கையின் நீளத்தை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. நடுப்பாலத்தில் நாங்கள் நிற்கும்போது, கீழே ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த கொம்பன் யானை தும்பிக்கையை நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டது. மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டு, டப்பாவை மூடி, ரப்பர்பேண்டையும் மாட்டித் திருப்பிக் கொடுத்தது.

டப்பாவைத் திறந்த கிருபாபாயின் முகம் சிவந்துவிட்டது.

"போன தடவ வெறுங்கை. இந்தத் தடவ காலி டப்பாவா அண்ணாச்சி?"

அழைப்பு போயிற்று, ராத்திரிச் சோறும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே, நடந்ததை நடந்தபடி சொன்னேன். முதல் குகையில் அந்த அம்மாள் சேலை முந்தானையைக் கடித்தார். இரண்டாவது குகையில் தோள் குலுங்கியது.

"யானைக்கு ரப்பர்பேண்டு மாட்டத் தெரியுமாக்கும்?"

"கேரளாவுல எல்லாரும் படிச்சவுகதான, தாயி."

அவ்வளவுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். தவசிமுத்துவுக்கு விக்கல் எடுத்துவிட்டது. மருமகள் ரெனிட்டா குழந்தையோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினாள்.

சிரிப்பு அடங்குமுன் கிருபாபாயே ஏசம்மாளுக்குப் போன் போட்டார்.

"மதினி, பால்கோவா வந்துட்டு. இம்புட்டு ருசியா எங்க வீட்டுக்கு எதுவும் வந்ததில்ல. ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம். முந்துன நாளே வந்துருங்க. அண்ணாச்சிய விட்டுட்டு வந்துராதிய!"

நேந்திரங்காய்ச் சிப்ஸோடு வெற்றி வீரர்களாக ஊர் திரும்பினோம். ஏசம்மாள் கிட்ட வந்து என் மீசையை மட்டும் செத்த நேரம் பார்த்தாள்.

மறுநாள் காலை என்னை லேபுக்குக் கூட்டிப்போனாள். வெறும் வயிற்றில் எனக்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.