லா ஷோமெட்டின் கடைசி வாக்கெடுப்பு

மாலைக் கறவையை முடித்துவிட்டு ஊரார் பழைய பள்ளிக்கூட மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். மேயர் ஓபேன் ரொஸ்ஸே வாசலில் விறைப்பாக நின்று ஒவ்வொரு முகத்தையும் அளந்தார். லா ஷோமெட் என்னும் இந்த மலைக் கிராமத்தைக் கீழேயுள்ள நகராட்சியோடு சேர்ப்பதா வேண்டாமா என்பது இன்று முடிவாகும். சேர்த்தால் ஊரின் பெயர் போய்விடும். ரொஸ்ஸே வம்சத்தார் எங்கே பிறந்தாலும் அவர்கள் அடையாள அட்டையில் பூர்வீகம் என்று இந்தப் பெயர்தான் இருக்கும். அது அழிவதை உயிரோடிருந்து பார்க்க அவர் தயாராக இல்லை.

முன்பு ஊர்ச் சபையில் அவரோடு இருந்த ஷெர்வே முடி வெட்டி, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வந்திருந்தான். அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

"என்ன ஷெர்வே, மாப்பிள்ளைக் கோலம்? போன வாரம் கீழ விடுதியில யாரோட விருந்து?"

"குதிரை விக்கப் போனேன், மேயர் ஐயா. வேணும்னா குதிரையையும் கூப்பிட்டு விசாரிங்க."

சிரிப்பு எழுந்தது. யார் யார் சிரித்தார்கள் என்று ஓபேன் மனதில் குறித்துக்கொண்டார்.

கூட்டம் தொடங்கியதும் ஷெர்வே எழுந்தான். "ரகசிய ஓட்டா வச்சிரலாம். கையைத் தூக்கினா பத்து வருஷத்துக்கு நீங்க மறக்க மாட்டீங்க."

"முகத்தை மறைச்சு ஓட்டுப் போடறது எங்க வீட்டு வழக்கமில்ல. ஊரை விக்கறது யாருன்னு நான் கண்ணால பாக்கணும். ரகசிய ஓட்டு வேணுங்கறவங்க எந்திரிங்க."

ஷெர்வேயைத் தவிர யாரும் எழவில்லை. ஓபேனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் கண்ணெதிரே எவனுக்குத் துணிச்சல் வரும்?

"சேரணும்ங்கறவங்க கை தூக்குங்க."

முதல் வரிசையில் ஒரே ஒரு கை உயர்ந்தது. அவருடைய தங்கை கொலோம்ப்.

"உன் மனசை யாரு கலைச்சது? இவனா?"

"யாரும் கலைக்கல, அண்ணே. ஊரை நடத்தற சபைக்கு அஞ்சு பேர் வேணும். நீ மட்டும்தான் மிச்சம். விறகு திருடறான்னு காட்டுல ஷெர்வே பின்னாலயே போய் ஒளிஞ்சு நின்ன, அவன் சபையை விட்டு விலகிட்டான். மத்தவங்களையும் இப்படித்தான் விரட்டின. உன்கூட உட்கார வாங்கன்னு இங்க ஒருத்தரைக் கேளு. ஒருத்தர் வந்தாலும் நான் கையை இறக்கிடறேன்."

மண்டபம் காத்திருந்தது. ஷெர்வே அவரையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கேட்டால் வந்துவிடுவான் போலிருந்தது. அவ்வளவு சுலபமாக ஏன் வர வேண்டும், இதில் என்ன சூது?

"எல்லாரும் சேர்ந்து இதை எப்பத் திட்டம் போட்டீங்க?" என்றார் ஓபேன்.

ஷெர்வேயின் கை உயர்ந்தது. பின் வரிசையில் ஒன்று, ஜன்னலோரம் ஒன்று, அப்புறம் மளமளவென்று.

எண்ணுவதற்காக எழுத்தர் எழுந்தார்.

"நீ உட்காரு," என்று அவரை அமர்த்திவிட்டு, ஓபேன் வரிசை வரிசையாக நடந்து தானே எண்ணினார்.